ஆப்பு வைப்பவர்

இடது கன்னத்தைச் சுவரில் ஒட்டி, வலது கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சமையலறை காலி. தரையில் ஆறு அட்டைப்பெட்டிகள் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. வீட்டுக்கார அம்மாள் வாசலில் நின்று, இந்த மனிதருக்கு மயக்கம் கியக்கம் வந்துவிட்டதோ என்று, அவரைக் கூட்டிவந்த என்னைப் பார்க்கிறார். இரண்டு நிமிடம் கழித்துக் கன்னத்தை எடுக்கிறார். அதில் சுண்ணாம்பு அப்பியிருக்கிறது. "நடுவுல வயிறு தள்ளியிருக்கு. மேல போகப் போகப் பின்னாடி சாயுது. பரவால்ல, வழிக்குக் கொண்டுவந்துரலாம்" என்கிறார், முறுக்கிக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல.

அவரை எல்லோரும் ஆப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் பேனாவும் போனும் வைக்கும் சட்டைப்பையில் அவர் மர ஆப்புகள் வைத்திருப்பார். நகத்தின் கனத்தில் தொடங்கி விரலின் கனம் வரை, ஒரு பக்கம் தடித்து மறு பக்கம் மெலிந்தவை. கோணலான தரையில் அலமாரி நேராக நிற்பதற்கு அதன் காலடியில் செருகுவதற்காக. "யாருக்காவது ஆப்பு வைக்கணும்னா சொல்லுங்க, அளவெடுத்து வைப்பேன்" என்பது அவருடைய நிரந்தர நகைச்சுவை. முதல் தடவை கேட்பவர்கள் சிரிப்பார்கள். மூன்றாம் தடவை கேட்பவர்கள் மரியாதைக்குச் சிரிப்பார்கள்.

வயது ஐம்பதுக்குப் பக்கம். ஒல்லி. பலகைகளாகப் பிரித்து அட்டைப்பெட்டியில் அடைத்து வரும் சமையலறை அலமாரிகளை வீட்டுக்கு வந்து பூட்டிக் கொடுப்பது தொழில். பெட்டியோடு வரும் படம் போட்ட காகிதத்தை அவர் படிப்பதில்லை. அதை விரித்து, மேலே மதியச் சாப்பாட்டை வைத்துக்கொள்வார். "பெட்டி எல்லாம் நேராத்தான் சார் வருது. வீடுங்கதான் நேரா இல்ல. இந்தப் படத்துல வரையறான் பாருங்க ஒரு வீடு, செவுரெல்லாம் கண்ணாடி மாதிரி. அந்த வீட்ல யாருமே குடியிருக்கறதில்ல."

வேலை முடிந்ததும் ஒரு திருகாணி மிச்சமிருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஒருமுறை பெட்டிக்காரனே தவறுதலாக ஒன்று கூடுதலாகப் போட்டிருக்கிறான். இவர் அலமாரியை மூன்று தடவை பிரித்து மாட்டியிருக்கிறார். கடைசியில் வீட்டுக்காரரே அந்தத் திருகாணியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசிவிட்டு, "இப்ப சரியாப் போச்சா?" என்று கேட்டாராம்.

அவருடைய சொந்தச் சமையலறையை ஒரு நாள் பார்த்தேன். மேல் அலமாரிகள் என் நெஞ்சளவில் தொங்கின. மனைவி குள்ளம். அவர் கை எட்டும் உயரம் அது. ஆப்பு தன் வீட்டுச் சமையலறைக்குள் எப்போதும் குனிந்தபடிதான் நடமாடுகிறார். அப்படியும் நெற்றியில் இரண்டு தழும்புகள்.

ஒரே ஒரு குணம் கொஞ்சம் சிரமப்படுத்தும். தன் வேலையில் குறை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளவே மாட்டார். "என் வேல அப்படி இருக்காது. வேற காரணம் இருக்கும்" என்பார். அதிசயம் என்னவென்றால், கிளம்பி வந்து அந்த வேறு காரணத்தைக் கண்டுபிடித்தும் விடுவார். எலி கடித்திருக்கும். குழந்தை கதவில் தொங்கி ஊஞ்சல் ஆடியிருக்கும். ஈரத்துணியைப் பலகைமேல் வாரக்கணக்கில் போட்டிருப்பார்கள். அவர் மனைவி இதைப் பற்றிச் சொன்னது: "கல்யாணத்தன்னிக்கு ரெண்டு மணி நேரம் லேட்டா வந்தாரு. அதுக்கும் வேற காரணம்தான் இருந்துச்சு."

எனக்கு அவர் அறிமுகமானது எங்கள் பழைய குடியிருப்பில். தரைத்தளமும் மூன்று மாடிகளும், மொத்தம் பன்னிரண்டு வீடுகள். நான் மூன்றாவது மாடி. எனக்கு நேர் கீழே ஸ்டேஷன் அம்மா. ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. தனியாக இருந்தார். சாதாரணமாகப் பேசும்போதும் ஒவ்வொரு சொல்லுக்கும் இடம்விட்டு, நிறுத்தி, அவசரமில்லாமல் பேசுவார். காய்கறிக்காரரிடம் அவர் பேசுவதைக் கேட்டால் தக்காளி இரண்டாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருப்பதுபோல இருக்கும்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதத்தில் ஆப்பு அலமாரி பூட்டினார். ஸ்டேஷன் அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி. கதவை இழுக்கச் சிரமமாக இருக்கிறது என்று அவர் சொல்ல, கீல்களிலிருந்த ஸ்பிரிங்கை ஆப்பு கழற்றிவிட்டார். ஊதினால் திறக்கும்படி அவ்வளவு லேசாக இருந்தன அந்தக் கதவுகள். சுவரோரம் வரிசையாக ஐந்து அலமாரி, ஐந்து கதவு. நான்கு கதவுகளுக்குக் கீல் இடது பக்கம். அடுப்பை ஒட்டிய ஐந்தாவதுக்கு மட்டும் வலது பக்கம்.

பதினைந்து நாள் கழித்து அம்மா அவருக்குப் போன் செய்தார். காலையில் எழுந்து வந்தால் அலமாரிக் கதவுகள் திறந்து கிடக்கின்றன.

"ராத்திரி மூடினீங்களாம்மா?"

"மூடினேன். ஒவ்வொண்ணா மூடினேன்."

ஆப்பு வந்தார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஒரு மயிரிழை விலகி நின்றது. தான் வைத்தபோது அது நட்டநடுவில் இருந்தது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். இருந்தாலும் வாதாடாமல் இடது பக்கம் அலமாரிக்கொரு ஆப்பு செருகிவிட்டுப் போனார். பத்து நாளில் மறுபடியும் போன். மறுபடியும் வந்தார். குமிழி அதே பக்கம் விலகியிருந்தது. இரண்டாவது ஆப்பு. "மரம் காயுதும்மா. பழகிரும்" என்றார். அது பொய் என்று தனக்கே தெரிந்திருந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

இதற்கிடையில் அம்மாவின் மகன் வந்து போனார். நல்ல பிள்ளை. மாதம் இரண்டு முறையாவது வருவார். திறந்து கிடந்த கதவுகளைப் பார்த்தவர் சத்தம் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நீ மறந்துடற. மூடறதா நெனைச்சுக்கிட்டு மூடாம விட்டுடற. இல்ல, தூக்கத்துல எந்திரிச்சு வர்ற" என்றிருக்கிறார். ஞாபக மறதிக்காக ஒரு மருத்துவரிடம் நாள் குறித்தார். முதியோர் இல்லம் ஒன்றின் விண்ணப்பத்தை மேஜைமேல், பூச்சாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் அம்மா என் வீட்டுக்கு ஏறி வந்தார். கையில் ஒரு சாவி.

"உங்களால ஒரு உதவி ஆகணும். சமையலறையப் பூட்டிட்டேன். இதுக்கு ஒரே சாவிதான். இன்னிக்கு உங்ககிட்ட இருக்கட்டும். காலைல நீங்களே வந்து திறங்க."

"எதுக்கும்மா?"

"நான்தான் திறக்கறேனான்னு எனக்குத் தெரியணும்."

காலை ஆறரைக்கு இறங்கிப் போனேன். அவர் குளித்து, தலைவாரி, வேலைக்குக் கிளம்புபவர்போலத் தயாராக நின்றிருந்தார். பூட்டில் சாவி போட்டேன். கதவைத் தள்ளினேன்.

நான்கு கதவுகள் திறந்திருந்தன. தாறுமாறாக இல்லை. நான்கும் ஒரே கோணத்தில், ஒரே பக்கமாக, யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கி நிற்பவர்களைப்போல நின்றன. ஜன்னல் மூடியிருந்தது. காற்று இல்லை. பக்கத்து மனையில் புதுக் கட்டடத்துக்காகத் தோண்டிய பள்ளத்திலிருந்து தண்ணீர் இறைக்கும் பம்பின் சத்தம் மட்டும் சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது. உள்ளே ஈர மண்ணின் வாசனை.

"இன்னிக்கு நாலுதான்" என்றார் அம்மா, மெல்ல. அடுப்பை ஒட்டிய ஐந்தாவது கதவு மூடியிருந்தது. அதை நான் அப்போது பொருட்படுத்தவில்லை.

அவர் முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் இல்லை என்ற வெளிச்சம். அது வந்த வேகத்திலேயே போய்விட்டது. என் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"நான் இல்லன்னா, அப்ப யாரு?"

காலை வெளிச்சம் அறைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. என் முதுகில் மட்டும் யாரோ ஈரக்கையை வைத்ததுபோல இருந்தது.

ஆப்புக்கு நான்தான் போன் செய்தேன். பூட்டு, சாவி, நான்கு கதவு எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமான பதில் வரவில்லை. "எந்தப் பக்கக் கீலு சார்?" என்று மட்டும் கேட்டார். நான் எட்டிப் பார்த்துச் சொன்னேன். "யாரையும் அங்க அடுப்பு பத்த வைக்க வேணாம்னு சொல்லுங்க. வரேன்" என்றார்.

வந்தவர் நேராகச் சமையலறைக்குப் போனார். குப்புறப் படுத்தார். அலமாரிகளின் காலடியில் தான் வைத்த ஆப்புகளை விரலால் தடவி எண்ணினார். ரசமட்டத்தை வைத்தார். மூன்றாவது ஆப்பை எடுத்துச் செருகப் போனவர், பாதியில் நிறுத்தி, எழுந்து உட்கார்ந்தார்.

"சார், நான் அலமாரிய நேர் பண்ணிட்டே இருக்கேன். தரை இறங்கிட்டே இருக்கு."

"புரியல."

"இடது கீலு வச்ச கதவு, இடது பக்கம் தாழ்ந்தா தானா திறக்கும். ராத்திரி லாரி வந்து அந்தப் பள்ளத்துல மண்ணு எடுக்குது. பம்பு போட்டுத் தண்ணிய உறிஞ்சுது. இந்த மூலைக்கு அடியில இருக்கற மண்ணும் கூடவே போகுது. அதான் காலைல திறந்திருக்கு."

அப்படியும் நான் நம்பவில்லை. அலமாரி பூட்டுபவர் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்றுதான் தோன்றியது. அவர் என்னைக் கூட்டிக்கொண்டு மேலே என் வீட்டுக்கு வந்தார். என் அலமாரிக் கீல்களில் ஸ்பிரிங் இருந்ததால் கதவுகள் சமத்தாக மூடியிருந்தன. ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி விலகியது. கீழே எவ்வளவு விலகியதோ அதே அளவு, அதே பக்கம். ஒரு வெங்காயத்தை எடுத்துத் தரையில் விட்டார். அது யோசிப்பதுபோல ஒரு கணம் நின்று, பிறகு மூலையை நோக்கி உருளத் தொடங்கியது. நான் ஆறு வருஷமாக அந்தத் தரையில் பாய் விரித்துத் தூங்கியிருக்கிறேன்.

மாடிப்படிச் சுவரில் மயிரளவு விரிசல் ஒன்று இருந்தது. வெள்ளையடித்து மறைத்த பழைய விரிசல் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அது இன்னும் விரிகிறதா என்று பார்க்க, ஆப்பு அதன் குறுக்கே பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஒரு பட்டை போட்டார். பென்சிலால் தேதி எழுதினார். மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து பார்த்தோம். பட்டை பிஸ்கட் போல இரண்டாக உடைந்திருந்தது. நடுவில் ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் தரைத்தளத்தில் இருந்தார். பல் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கொப்பளித்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க அலமாரி மாட்டறவர்தானே?"

"ஆமா."

"அலமாரி மாட்டுங்க. கட்டடத்த நாங்க பாத்துக்கறோம். ஞாயித்துக்கிழம மீட்டிங்ல பேசுவோம்."

ஆப்பு படியேறி ஸ்டேஷன் அம்மாவிடம் போனார். நானும் போனேன். உடைந்த பட்டையின் ஒரு துண்டை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, நடந்ததை எல்லாம் சொன்னார். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் இல்ல."

"இல்லம்மா."

"என் மூளைக்கு ஒண்ணும் ஆகல."

"கட்டடத்துக்குத்தான் ஆயிருக்கு."

அம்மா சிரித்தார். சிரிப்பிலேயே கண்ணீர் வந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "எத்தன வீடு இருக்கு?" என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு மூன்றாவது மாடிப்படியின் உச்சிக்கு ஏறினார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கவனிக்கணும். கட்டடம் பாதுகாப்பா இல்ல. மூணாவது மாடியில இருக்கறவங்க முதல்ல இறங்கலாம். அவசரப்பட வேணாம். பை, பீரோ எதையும் எடுக்க வேணாம். கேஸ மூடிடுங்க. குழந்தைங்கள கையில பிடிச்சுக்குங்க."

கத்தவில்லை. அந்தக் குரலுக்குக் கத்தத் தேவையிருக்கவில்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டியிருந்தால் காரணம் கேட்டிருப்போம். அந்தக் குரல் காரணம் கேட்கும் இடத்தில் எங்களை வைக்கவில்லை. வண்டி வருகிறது என்றால் ஏறிவிடுவதுபோல, எல்லோரும் இறங்கினார்கள். ஒருவர் முகத்தில் பாதிச் சவர நுரை. ஒரு பெண் கையில் கரண்டி. ஒவ்வொரு மாடியும் காலியானதும் அம்மா அடுத்த மாடிக்கு இறங்கி வந்து மறுபடியும் சொன்னார். கடைசியாக, ஈர டூத்பிரஷ்ஷோடு செயலாளரும் வெளியே வந்தார்.

அன்று மாலைக்குள் நகராட்சிப் பொறியாளர் வந்தார். மூலையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், பேச்சே இல்லாமல் முத்திரை வைத்துவிட்டார். மூன்றாம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு அந்த மூலை விழுந்தது.

விழுந்ததைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். எதிர்த் தெருவில் கயிறு கட்டி எங்களை நிறுத்தியிருந்தார்கள். ஆப்பு என் பக்கத்தில் நின்றார். முதலில் வெளிச்சுவர் மட்டும், உரித்த தோல்போல, சத்தம் குறைவாகவே கழன்று இறங்கியது. தூசி அடங்கியபோது எங்கள் வீடுகள் வெட்டவெளியில் தெரிந்தன. என் பனியன் கொடியில் தொங்கியது. அதன் கீழே ஸ்டேஷன் அம்மாவின் சமையலறை. ஐந்து அலமாரிகளும், ஆப்பு காகிதம் மடித்துச் செருகி மூடிவைத்த கதவுகளோடு, வரிசை குலையாமல் நின்றன. தரை மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. முதல் கதவு திறந்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. ஆளில்லாத அந்தச் சமையலறையில், பகல் வெயிலில், பொறுமையாக, ஒன்றன்பின் ஒன்றாக. கூட்டத்தில் ஒரு குழந்தை "உள்ள யாரும்மா?" என்று கேட்டது.

ஐந்தாவது கதவு திறக்கவில்லை. கடைசி வரை இறுக்கமாக மூடியபடியே, அலமாரியோடு சேர்ந்து வழுக்கிப் பள்ளத்துக்குள் போனது.

ஆப்பின் உதடு அசைந்தது. "வலது கீலு. தரை சாயச் சாய அது இன்னும் அழுத்தமாத்தான் மூடும். திறக்காது சார்."

"அதான் திறக்கலயே."

"அம்மா மத்த நாள்ல அஞ்சுன்னு சொன்னாங்க. ரெண்டு தடவ நானே வந்து பார்த்தேன். அஞ்சும் திறந்திருந்துச்சு." அவர் பள்ளத்தைப் பார்த்தபடியே சொன்னார். "சமையலறையப் பூட்டி வச்ச அன்னிக்கு மட்டும்தான் நாலு."

நான் அதை அத்தோடு விட்டுவிட்டேன். அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு பூனை உட்பட எல்லா உயிரும் தப்பியிருந்தது. பள்ளம் தோண்டியவர்கள்மேல் வழக்கு நடக்கிறது. செய்தித்தாளில் ஸ்டேஷன் அம்மாவின் படம் வந்தது. மகன் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். முதியோர் இல்ல விண்ணப்பம் பூச்சாடியோடு மண்ணுக்குள் போயிருந்தது.

மகன் தன் தெருவிலேயே அம்மாவுக்கு ஒரு வீடு பார்த்தார். புதுக் கட்டடம், கெட்டியான தரை. ஆப்புதான் அலமாரி பூட்டவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். அவர் போய் வழக்கம்போலக் கன்னத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு, "இது செவுரு" என்றாராம். ஒரு ஆப்புகூடத் தேவைப்படவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் எனக்குப் போன் செய்தார். "அம்மா கூப்பிட்டிருக்காங்க. நீங்களும் வர்றீங்களா? தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு." இருபது வருஷமாகத் தனியாக வேலைக்குப் போகும் மனிதர் அவர்.

ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மா கதவைத் திறந்துவிட்டு, சமையலறையைக் கையால் காட்டினார். வரிசையாக நான்கு கதவுகள் மூடியிருந்தன. அடுப்பை ஒட்டியது ஒன்று மட்டும் திறந்திருந்தது.

ஆப்பு ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். அலமாரியின் தலையில் வைத்தார். பக்கவாட்டில் பிடித்தார். குமிழி ஒவ்வொரு முறையும் நடுவில் வந்து அசையாமல் நின்றது. அவ்வளவு நேர்த்தியான மட்டத்தைப் பார்த்து ஒரு மனிதர் அவ்வளவு சங்கடப்பட்டு நான் கண்டதில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து அலமாரிக்குள் பார்த்தார். இரண்டு டப்பாக்கள், ஒரு வடிகட்டி, எவர்சில்வர் ஃப்ளாஸ்க் ஒன்று. ஃப்ளாஸ்க்கை எடுத்தவர் அதைக் காதோரம் வைத்து ஆட்டினார். மூடியைத் திருகினார். ஆவி வந்தது.

"காபி போட்டீங்களாம்மா?"

"இல்லயே. ஏழு மணிக்குத்தான் எந்திரிச்சேன். பால்காரர் இன்னும் வரல. கெட்டிலையே நான் தொடல."

ஆப்பு மூடியை மறுபடியும் மெல்லத் திருகினார்.

"ஸ்டேஷன்ல உங்களுக்கு எத்தன மணி ஷிஃப்ட்டும்மா?"

"நாலரை. முதல் வண்டி அஞ்சு பத்துக்கு." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவர் கண்கள் ஃப்ளாஸ்க்குக்குப் போயின. "வெந்நீர் எடுத்துட்டுப் போவேன். தொண்டைக்கு."

அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து, அவை யாருடையவை என்று பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அங்கயும் அந்த அஞ்சாவது கதவு நான்தான், இல்ல?"

ஆப்பு ஃப்ளாஸ்க்கை அலமாரிக்குள் திரும்ப வைத்தார். அவர் பார்வை தரையில் இருந்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்னு சொல்ல முடியாதும்மா. கணக்கு உதைச்சுது."

"நாலு மணிக்கு எந்திரிச்சு, வெந்நீர் வச்சு, மூடி போட்டு." அவர் குரல் கொஞ்சமும் உடையவில்லை. தாமதமாகும் வண்டியைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. "நான் எங்க போறேன்னுதான் தெரியல. கதவு வரைக்கும் போறேனா, படி இறங்கறேனா?"

கீழே படிகளில் காலடி கேட்டது. மகன் வேலைக்குப் போகும் வழியில் தினமும் அம்மாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

"அவன்கிட்ட சொல்லணும்" என்றார் அம்மா, தாழ்ந்த குரலில். "நானே சொல்லுவேன். மறைக்கப் போறதில்ல. ஞாயித்துக்கிழம உட்கார வச்சு, என் வாயால சொல்றேன். அவனா வந்து கண்டுபிடிச்சதா இருக்கக் கூடாது. புரியுதா?"

ஆப்பு தலையசைத்தார்.

மகன் உள்ளே வந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தவர், திறந்திருந்த கதவைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். கதவிலிருந்து அம்மாவின் முகத்துக்கு அவர் பார்வை போனது. "மறுபடியுமா?" என்றார். அந்தக் கேள்வி யாரை நோக்கி என்று எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது.

தரையில் உட்கார்ந்திருந்த ஆப்பு அவருக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, திருப்புளியை எடுத்து, மேல் கீலின் திருகாணியை இரண்டு சுற்றுத் தளர்த்தினார். கதவு ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

"இதப் பாருங்க தம்பி, கீல சரியா முறுக்காம விட்டுட்டேன். என் தப்பு" என்றார், கோணலாகத் தொங்கிய அந்தக் கதவை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தபடி.